மெக்கானிக்கல் படித்து மென்பொருளுக்குப் போனவர்களுக்கு ஒரு திறந்த மடல்



விக்கர்ஸ் கடினத்தன்மை நம் எல்லோருக்கும் ஒரு காலத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வி. வைரப் பிரமிடு, 136 டிகிரி கோணம், பள்ளத்தின் மூலைவிட்டத்தை அளக்க வேண்டும் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவியிருப்போம். நான்காம் ஆண்டில் வளாகத் தேர்வுக்கு வந்த மென்பொருள் நிறுவனங்கள் எந்தத் துறை என்றுகூடக் கேட்காமல் நம்மை அள்ளிக்கொண்டன. லேத்தும் மில்லிங் மிஷினும் ரெக்கார்டு நோட்டோடு நின்றுவிட்டன. அதற்காக வருந்துகிற ஆள் நானில்லை. சம்பளம் ஒழுங்காக வருகிறது. ஆனால் அண்மையில் நான் வாங்கிய ஒரு ஜெர்மன் கைக்கடிகாரத்தின் தொழில்நுட்பக் குறிப்பைப் படித்தபோது அதில் விக்கர்ஸ் எண் போட்டிருந்தது. காந்தப்புலத்துக்கு ஆம்பியர் கணக்கு, ஈரத்துக்கு வேதியியல், எல்லாவற்றுக்கும் ஒரு தர எண். வாட்ச் பிரியர்களுக்கு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த மடலை உங்களுக்கு எழுதத் தோன்றியது, இது நம் பாடத்திட்டம் என்பதால்தான்.

வாட்சின் பெயர் சின் 856 யூடிசி. ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரத்து நிறுவனம். விலை இரண்டாயிரம் யூரோவைத் தாண்டும். அந்த விலைக்கு நம் ஊர் நகைக்கடை மாடியில் விற்கும் ஸ்விஸ் வாட்சுகளோடு ஒப்பிட்டால் இது முதல் பார்வையில் தோற்றுப்போகும். எங்கேயும் மினுமினுப்பில்லை. பாலிஷ் செய்த ஓரமோ தங்க முலாமோ கிடையாது. உடல் முழுக்க பீட் பிளாஸ்டிங் செய்த மங்கலான சாம்பல் நிற எஃகு. கருப்பு டயல், வெள்ளை எழுத்து, வெள்ளை முட்கள். கண்ணாடியின் இரு பக்கமும் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு இருப்பதால், சாய்த்துப் பார்த்தாலும் கண்ணாடி இருப்பதே சட்டெனத் தெரிவதில்லை. 40 மில்லிமீட்டர் விட்டம், சுமார் 11 மில்லிமீட்டர் தடிமன். மெலிந்த மணிக்கட்டு உள்ளவர்களும் கூச்சமில்லாமல் கட்டலாம். அலுவலகத்தில் யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. கவனிக்கப்படுவதற்காக வாங்குகிறவர்கள் இந்த இடத்திலேயே மடலை மூடிவிடலாம்.

இந்த முகம் இப்படி இருப்பதற்குக் காரணம் ஒரு விமானி. ஹெல்முட் சின் இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். பிறகு, வெளியே எதுவும் தெரியாத நிலையில் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதைச் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர். 1961-ல் அவர் தொடங்கிய நிறுவனம் காக்பிட் கடிகாரங்களையும் விமானிகளுக்கான கைக்கடிகாரங்களையும் விற்றது. இடையில் வியாபாரி வேண்டாம், விளம்பரச் செலவு வேண்டாம், வாங்குகிறவருக்கு நேராகக் கொடுத்து விலையைக் குறைப்போம் என்பது அவர் கொள்கை. அதே 1961-ல்தான் பெங்களூரில் எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. நம் அப்பாக்கள் காலையில் சாவி கொடுத்த ஜனதாவும் பைலட்டும் அங்கிருந்து வந்தவை. 1994-ல் சின் தன் நிறுவனத்தை லோதர் ஷ்மிட் என்ற பொறியாளரிடம் விற்றார். முன்பு ஐ.டபிள்யூ.சி. என்ற ஸ்விஸ் வாட்ச் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் ஷ்மிட். விக்கர்ஸும் ஆம்பியரும் குறிப்பேட்டுக்குள் நுழைந்தது அவர் காலத்தில். ஹெல்முட் சின் 2018-ல் 101 வயதில் காலமானார்.

விக்கர்ஸ் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். சாதாரண வாட்ச் எஃகின் கடினத்தன்மை சுமார் 220 விக்கர்ஸ். மேசை விளிம்பு, கதவுத் தாழ்ப்பாள், பேருந்துக் கம்பி எதுவும் அதில் கோடு போடும். இந்த வாட்சின் மேற்பரப்பு 1,200 விக்கர்ஸ் என்கிறது நிறுவனம். இதற்கு டெகிமென்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே பூசப்பட்ட தனி அடுக்கு இது கிடையாது, எஃகின் மேற்பரப்பையே கடினமாக்கும் முறை. நாம் கேஸ் ஹார்டனிங் என்று படித்தோமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. பூச்சுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். மென்மையான எஃகின் மேல் மெல்லிய, கடினமான பூச்சு கொடுத்தால், இட்லி மேல் அப்பளத்தை வைத்து விரலால் அழுத்துவது மாதிரிதான்: அடிப்பக்கம் அமுங்கும், மேல் அடுக்கு நொறுங்கும். மலிவான கருப்பு வாட்சுகள் சில மாதங்களில் ஓரம் ஓரமாக வெளுத்துப்போவதற்கு இதுதான் காரணம். அதனால் சின் கருப்பு வாட்ச் செய்யும்போதுகூட முதலில் எஃகைக் கடினமாக்கிவிட்டு அதன் மேல்தான் கருப்பைப் பூசுகிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கடினமான மேற்பரப்பு கீறலைத் தடுக்கும், அடியைத் தடுக்காது. கீழே போட்டால் சொட்டை விழத்தான் செய்யும்.

மேலே உள்ள கண்ணாடி சஃபயர். மோஸ் அளவில் 9. தெருத்தூசியில் இருக்கும் மணல் 7. ஆகவே தூசி அதைக் கீறாது. உள்ளே அச்சுகளைத் தாங்கும் சிவப்புக் கற்களும் அதே அலுமினியம் ஆக்சைடுதான், ரூபி என்ற வேடத்தில்.

என்னை அதிகம் கவர்ந்தது இதன் ஈர ஏற்பாடு. தண்ணீர் புகாத வாட்ச் என்றால் ரப்பர் வளையம் போட்டு இறுக்கி மூடியது என்று நினைக்கிறோம். நீர்த்துளி உள்ளே போகாது, சரி. நீராவி போகும். எந்த ரப்பருக்குள்ளும் ஆவி மூலக்கூறுகள் மெல்ல ஊடுருவும். டிஃப்யூஷன் என்று ஒரு அத்தியாயமே படித்தோம். வருடக்கணக்கில் சேர்ந்த ஈரம், குளிர்ந்த அறைக்குள் நுழைந்ததும் கண்ணாடியின் உட்பக்கம் பனியாகப் படியும். அதோடு உள்ளிருக்கும் எண்ணெயும் சீக்கிரம் கெடும். சென்னையின் ஐப்பசி மாதப் புழுக்கத்திலிருந்து 18 டிகிரி குளிர்சாதன அறைக்குள் தினமும் நடந்துபோகிற நமக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை.

சின் இதை மூன்று வழிகளில் எதிர்கொள்கிறது. ஆவி ஊடுருவுவதைப் பெருமளவு குறைக்கும் தனி வகை ரப்பர் வளையங்கள். உள்ளே காற்றுக்குப் பதிலாக ஈரமில்லாத காப்பு வாயு. இவற்றையும் மீறி வருகிற ஈரத்தை உறிஞ்ச, வாட்சின் உடலில் பதித்த ஒரு சிறு குப்பி. அதற்குள் இருப்பது காப்பர் சல்பேட். ஆமாம், நம் ஊர் உரக்கடையில் கிடைக்கும் மயில்துத்தம்தான். பத்தாம் வகுப்பு ஆய்வகத்தில் நீலப் படிகத்தைச் சோதனைக் குழாயில் சூடாக்கினோம், தண்ணீர் போய் வெள்ளையானது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் மறுபடி நீலமானது. அதே வினைதான் இங்கேயும். வெளிறிய நிறத்தில் இருக்கும் குப்பி, ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச நீலமாகிக்கொண்டே போகும். ஆழ்ந்த நீலத்தைத் தொட்டால் இனி உறிஞ்ச இடமில்லை, மாற்ற வேண்டும் என்று பொருள். எத்தனை வருடம் ஆயிற்று என்று பில்லைத் தேட வேண்டாம். வெளியிலிருந்து நிறத்தைப் பார்த்தாலே போதும். பேட்டரியும் திரையும் இல்லாத ஒரு சென்சார். என்னுடையது இப்போதைக்கு வெளிறித்தான் இருக்கிறது. தினமும் பார்க்கிறேன், தேவையில்லாமல்.

அடுத்தது காந்தம். பின்மூடி வழியாக உள்ளே சக்கரங்கள் ஓடுவதைப் பார்க்கலாம் என்று நினைத்தவர்கள் ஏமாறுவார்கள்: பின்பக்கம் கண்ணாடி கிடையாது, மூடிய எஃகு. இயந்திரத்தைச் சுற்றி ஒரு காந்தத் தடுப்பு உறை இருக்கிறது. அதில் கண்ணாடிக்காக ஓட்டை போட்டால் தடுப்பு தடுப்பாக இருக்காது. ஜெர்மனியின் டி.ஐ.என். 8309 தரப்படி, காந்தத்தைத் தாங்கும் வாட்ச் என்று சொல்லிக்கொள்ள மீட்டருக்கு 4,800 ஆம்பியர் போதும். இந்த வாட்ச் 80,000 ஆம்பியர் வரை தாங்கும் என்கிறார்கள். அவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். டேப்லெட் உறையின் காந்தம், மடிக்கணினியின் ஸ்பீக்கர், கைப்பையின் பூட்டு, போன் சார்ஜர் எல்லாம் மணிக்கட்டுக்கு இரண்டு அங்குல தூரத்தில்தான் இருக்கின்றன. உள்ளிருக்கும் முடியளவு சுருள்வில்லில் காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றையொன்று ஈர்க்கும், வில்லின் வேலை செய்யும் நீளம் குறையும், வாட்ச் நாளுக்குச் சில நிமிடங்கள் வேகமாகக்கூட ஓடும். நம் தொழிலில் இருப்பவர்களுக்கு 200 மீட்டர் ஆழத் தாங்குதிறனைவிட இதுதான் பயன்படும். அந்த 200 மீட்டரும் இதில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அதிகம் போனால் இரண்டு மீட்டர் நீச்சல் குளம் வரை போவோம்.

யூடிசி என்று பெயரில் இருப்பது நான்காவது முள்ளைக் குறிக்கும். 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றி, இன்னொரு நாட்டின் நேரத்தைக் காட்டும். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு ராத்திரி அழைப்பில் உட்காரும் நம்மைப் போன்றவர்களுக்கே செய்தது மாதிரி தோன்றும். இங்கேதான் சிக்கல். சாவியை ஒரு படி இழுத்துத் திருகினால் அந்த முள் ஒவ்வொரு மணியாகத் துள்ளும், நடுவில் நிற்காது. நம் நாடோ கிரீன்விச்சிலிருந்து ஐந்தரை மணி நேரம் தள்ளி இருக்கிறது. மிர்சாப்பூர் பக்கமாகப் போகும் 82.5 டிகிரி தீர்க்கரேகையை 15-ஆல் வகுத்தால் அந்த அரை வந்து நிற்கும். விளைவு: நம் ஊரில் பகல் 12 மணி ஆகும்போது கிரீன்விச்சில் 6.30, ஆனால் இந்த முள் 6-ல் அல்லது 7-ல்தான் நிற்க முடியும். பிராங்பேர்ட்டுக்கும் அதே கதை, நியூயார்க்குக்கும் அதே கதை. நான் 6-ல் வைத்துக்கொண்டு மனதில் அரை மணி கூட்டிக்கொள்கிறேன். ஒரு கடிகாரக் கலைஞர் அந்த முள்ளைக் கழற்றி அரை மணி தள்ளிப் பொருத்தினால் சரியாகிவிடும். ஆனால் அதற்கு மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால் நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த காப்பு வாயு பறந்துவிடும். இது சின்னின் பிழை என்று சொல்ல மாட்டேன். இந்த வகை இயந்திரம் பொருத்திய எல்லா வாட்சுக்கும் இதே நிலைதான். முழு மணிக் கணக்கில் வாழும் நாட்டுக்காரர்கள் வடிவமைத்தது. இரண்டாம் நேரத்துக்காகவே வாங்க நினைக்கும் இந்தியரும் இலங்கையரும் இதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும். இல்லையென்றால் அந்த முள் இல்லாத சாதாரண 856-ஐப் பார்க்கட்டும்.

இயந்திரம் ஜெர்மானியத் தயாரிப்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்விட்சர்லாந்தின் லா ஷோ-ட-ஃபோன் நகரத்து செலிட்டா நிறுவனம் செய்தது. ஈட்டா 2893 என்ற பழகிய வடிவமைப்பைப் பின்பற்றியது. உடலைச் செய்வது ஜெர்மனியின் கிழக்கே, சாக்சனி மாநிலத்தில், கிளாஸ்ஹூட்டே ஊரில் இருக்கும் எஸ்.யூ.ஜி. பட்டறை. 1845-ல் ஃபெர்டினான்ட் அடால்ஃப் லாங்கே தொழில் தொடங்கியதிலிருந்து கடிகாரத்துக்கே பெயர்பெற்ற ஊர் அது. பிராங்பேர்ட்டில் இதையெல்லாம் சேர்த்துப் பொருத்தி, சோதித்து, வாயு நிரப்பி மூடுகிறார்கள். சொந்த இயந்திரம் இல்லை என்று முகம் சுளிக்கும் ரசிகர்கள் உண்டு. எனக்கு அந்தச் சுளிப்பு புரியவில்லை. பேரிங்கை எஸ்.கே.எஃப். நிறுவனத்திடம் வாங்கும் இயந்திரத் தொழிற்சாலையை நாம் குறை சொல்வோமா? உதிரிப் பாகம் எல்லா நாட்டிலும் கிடைக்கிற, ஆயிரம் கைகள் பழுது பார்த்துப் பழகிய ஒரு எஞ்சின், கருவி என்று சொல்லிக்கொள்ளும் பொருளுக்குப் பொருத்தமான தேர்வுதான்.

அந்த எஞ்சின் செய்யும் வேலையை நம் கணக்கில் பாருங்கள். மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது நொடிக்கு எட்டு. வருடத்துக்கு 25 கோடிக்கு மேல். இரண்டு துடிப்புக்கு ஒரு முழு அலைவு என்று வைத்தால், சுருள்வில் வருடத்துக்கு 12 கோடிக்கும் அதிகமான முறை சுருங்கி விரிகிறது. ஃபேட்டிக் பாடத்தில் எஃகு பத்து லட்சம் சுற்று தாங்கிவிட்டால் அதற்கு மேல் வரைபடத்தில் படுக்கைக் கோடு போட்டுவிடுவோம், நினைவிருக்கிறதா? இந்த வில் அந்தப் பத்து லட்சத்தை மூன்று நாட்களில் தாண்டிவிடும். வெயிலில் போனாலும் குளிரில் போனாலும் அதன் மீள்தன்மை மாறக் கூடாது. இந்தச் சிக்கலுக்கு வழிகாட்டிய நிக்கல் எஃகுக் கலவைகளுக்காகத்தான் 1920-ல் சார்லஸ் எடுவார்ட் கியோமுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தனைக்குப் பிறகும் என் வாட்ச் நாளுக்குச் சில நொடிகள் வேகமாகத்தான் ஓடுகிறது. ஒரு நாளில் 86,400 நொடிகள். ஐந்து நொடி பிசகினால் பிழை 0.006 சதவீதம்கூட இல்லை. பல்சக்கரமும் வில்லும் மட்டும் வைத்துச் செய்த பொருளுக்கு அது வியப்பான துல்லியம். ஆனாலும் நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் வைத்த, நூறில் ஒரு பங்கு விலையுள்ள வாட்ச் இதை எளிதாகத் தோற்கடிக்கும். வெள்ளிக்கிழமை இரவு கழற்றி வைத்தால் திங்கள் காலை நின்றிருக்கும். இதை மறைத்துப் பேசும் விற்பனையாளர்களை நம்பாதீர்கள்.

கதைகளையும் அப்படித்தான் சலித்துப் பார்க்க வேண்டும். 1985-ல் சேலஞ்சர் விண்கலத்தில் டி-1 பயணம் போன ஜெர்மன் விஞ்ஞானி ரைன்ஹார்ட் ஃபுரர் சின் 140 கட்டியிருந்தார். விண்வெளிக்குப் போன முதல் ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் உள்ள கைக்கடிகாரம், என்று வெகுகாலம் அதைச் சொல்லிவந்தார்கள். 1973-ல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குப் போன வில்லியம் போக் கையில் சீக்கோ 6139 இருந்தது பிறகுதான் வெளியே தெரிந்தது. முதலிடம் போயிற்று. வாட்சின் பொறியியலுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. 1997-ல் ஜெர்மன் சுங்கத்துறையின் சிறப்புப் படைக்காக சின் செய்த ஈ.இசட்.எம். 1 என்ற வாட்ச் எனக்கு அதைவிட நல்ல கதை: புறங்கையைக் குத்தாமல் இருக்க சாவியையும் பொத்தான்களையும் இடப்பக்கம் மாற்றினார்கள். அந்த மாற்றத்தைக் கையில் கட்டிப் பார்த்தே சரியா தவறா என்று சொல்லிவிடலாம்.

குறைகளில் பெரியது சர்வீஸ். இந்த எஞ்சினை நம் ஊரில் தெருமுனைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அனுபவசாலிகூடப் பிரித்து, கழுவி, எண்ணெய் போட்டு ஓட வைத்துவிடுவார். ஆனால் காப்பு வாயுவை மறுபடி நிரப்பவும், குப்பியை மாற்றவும், அழுத்தச் சோதனை செய்யவும் அவரிடம் வசதி கிடையாது. ஆக, எளிதாகப் பழுது பார்க்கக்கூடிய எஞ்சினை எளிதாகத் திறக்கக் கூடாத பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் அதை ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டியிருக்கும். காப்பீடு, சுங்கப் படிவம், பல வாரக் காத்திருப்பு. வாங்கும் விலையோடு இந்தத் தலைவலிக்கும் ஒரு தொகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கியது சரிதானா என்று கேட்டால், என் வரையில் சரி. இது முதலீடு கிடையாது, விற்றால் போட்ட பணம் வராது. நேரம் மட்டும் வேண்டுமென்றால் கேசியோ போதும். ஆனால் நான்கு வருடம் படித்துவிட்டு மறந்துபோன உலோகவியலும் காந்தவியலும் அதிர்வியலும் ஒரு பொருளில் ஒழுங்காக வேலை செய்வதைப் பார்க்க ஆசையிருந்தால், இதைவிடத் தெளிவான உதாரணம் இந்த விலையில் நான் பார்த்ததில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். போனஸ் வந்த கையோடு வாட்ச் கடைக்குள் நுழையும்போது, எந்த நடிகர் கட்டியது, எந்த விண்வெளி வீரர் கட்டியது என்று கேட்காதீர்கள். எஃகின் மேற்பரப்பு எத்தனை விக்கர்ஸ், காந்தம் எத்தனை ஆம்பியர் வரை, எந்தத் தரப்படி சோதித்தது, திறந்தால் யார் மறுபடி மூடுவார்கள் என்று கேளுங்கள். பதில் எண்ணாக வராவிட்டால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்